ஒரே போன், அதுவும் அப்பாயி போன்: பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பை எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது?

பாபநாசம்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கத்தில் கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். பையன் எட்டாவது, பெண் ஐந்தாவது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருவரும் அப்பாயியோடுதான். பகலில் வீட்டில் இருப்பது ஒரே போன். மகன் முகத்தை வீடியோ காலில் பார்க்கட்டும் என்று அப்பாயிக்காக அவர் வாங்கி அனுப்பியது.

ஆனால் அதைக் கையாள்வது என் பையன். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் ஏறிவிட்டதா என்று பார்ப்பது, மாமாவுக்குப் பணம் அனுப்புவது, கேஸ் பதிவது, பள்ளிக்கூட குரூப்பில் வரும் வீட்டுப்பாடத்தை எழுதிக்கொள்வது எல்லாம் அவன்தான். பின் நம்பர் அப்பாயிக்கு மறந்தாலும் அவனுக்கு மறக்காது.

சமீபத்தில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் 'பிஎம் கிசான்' என்று பெயர் போட்டு ஒரு ஃபைல் வந்திருக்கிறது. "ரெண்டாயிரம் ஏறிடுச்சான்னு பாருடா" என்று அப்பாயி சொல்ல, இவன் அதைத் தொட்டிருக்கிறான். 'இது ஆபத்தான செயலியாக இருக்கலாம்' என்று போன் கேட்டதும் அப்படியே நிறுத்திவிட்டு, நான் வந்த பிறகு காட்டினான்.

தேடிப் பார்த்தால் கிடைக்கிற யோசனைகள் எல்லாம் பிள்ளைக்குத் தனி போன், தனிக் கணக்கு, அப்பா அம்மா இருவரும் வீட்டில் என்று வைத்துக்கொண்டு எழுதியவை. எங்கள் தெருவில் பல வீடுகள் அப்படி இல்லை. அப்பா வெளிநாடு, அம்மா வேலை, பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம். எங்களைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

மன்னை_மொபைல்

அக்கா, மன்னார்குடியில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தம்பி நிறுத்தியது ரொம்பப் பெரிய காரியம், அவனிடம் அதைச் சொல்லுங்கள்.

அந்த ஃபைல் பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்திருக்கும், போனில் செயலியை இறக்கும் ஃபைல் அது. இதே மாதிரி கல்யாணப் பத்திரிகை என்றும், வண்டிக்கு அபராதச் சலான் என்றும் பெயர் மாற்றி வருகிறது. உள்ளே இறக்கிவிட்டால் முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். சரி என்று தட்டினால் பேங்க் ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போய்விடும். குரூப்பில் அனுப்பிய ஊர்க்காரர் கெட்டவர் என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் அவர் போனும் மாட்டியிருக்கும். பிஎம் கிசான் பணம் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்கில் ஏறும். அதற்காக எந்த ஃபைலையும் இறக்க வேண்டியதில்லை.

ஒரே போனைப் பலர் எடுக்கும் வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் உங்களுக்கு ஒத்து வராது, அது பிள்ளையின் கூகுள் கணக்கில் ஓடும் போனுக்கானது. நீங்கள் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அணைத்து வையுங்கள். பிளே ஸ்டோரில், ஆபத்தான செயலியைக் கண்டுபிடிக்கும் பிளே புரொடெக்ட் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அங்கேயே, காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் குரூப்ஸ் என்று இருக்கும். அதில் 'மை காண்டாக்ட்ஸ்' வைத்தால், போனில் பதியாத எவனும் அப்பாயியை நேரடியாக ஒரு குரூப்பில் சேர்க்க முடியாது. கால்ஸ் என்பதில் தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பு மணி அடிக்காமல் இருக்க வழி உண்டு. ஆனால் அண்ணன் அங்கே கூட வேலை பார்ப்பவர் போனிலிருந்தும் கூப்பிடுவார் இல்லையா, அந்த நம்பர்களை முதலில் பதிந்துவிடுங்கள்.

பாப்பா வீடியோ பார்க்கக் கேட்கும்போது ஆப் பின்னிங் போட்டுக் கொடுங்கள். வெளியே வரப் பூட்டு எண் கேட்கும்படி அதில் வைத்து, யூடியூப் கிட்ஸைத் திறந்து பின் செய்துவிட்டால், போன் பூட்டு எண் தெரியாமல் அதைவிட்டு வெளியே வர முடியாது. பெரிய யூடியூபில் ரிஸ்ட்ரிக்டட் மோட் ஆன் செய்யலாம், ஆனால் அது எல்லாவற்றையும் வடிகட்டாது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

செட்டிங்ஸ் பக்கம் இவ்வளவுதான். பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்று டீச்சர்கள் யாராவது சொல்லுங்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

குவைத்_ஒரத்தநாட்டான்

சகோதரி, நேராகவே சொல்கிறேன். பத்தாவது முடிக்கும் வரை பிள்ளை கையில் போன் போகக் கூடாது. என் வீட்டில் அதுதான் சட்டம். நான் இங்கிருந்து போன் செய்யும்போது மட்டும் பேசலாம், பேசி முடித்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். செட்டிங்ஸ் எல்லாம் பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மாற்றிவிடுவார்கள். 2020ல் ஆன்லைன் வகுப்பு என்று சொல்லிக் கையில் கொடுத்தோம், அப்புறம் யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. தூரத்தில் இருக்கிற தகப்பனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? ராத்திரி படுத்தால் இந்த நினைப்புதான்.

திருவாரூர்_டீச்சர்

ஒரத்தநாடு சகோதரருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டி வைக்கும் வீட்டுப் பிள்ளைகளையும் நான் வகுப்பில் பார்க்கிறேன். அவர்கள் பஸ் நிறுத்தத்தில் பெரிய பையன்களின் போனில் எட்டிப் பார்க்கிறார்கள், பக்கத்து வீட்டு அண்ணன் போனில் இன்ஸ்டாகிராம் கணக்கு திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் வாய் திறக்கவே முடியாது. ஏனென்றால் போனைத் தொட்டதே முதல் குற்றம்.

ஒருவன் பிள்ளையை மிரட்டும்போது அவன் நம்பியிருப்பது இதைத்தான். "உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்பான். அப்பா அடிப்பார், போனைப் பிடுங்குவார் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் அந்த மிரட்டல் பலிக்கும். "அனுப்பிக்கோ, நானே அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்று பிள்ளையால் சொல்ல முடிந்தால் அவன் பிடி அங்கேயே விட்டுப்போகும். ஆகையால் பாபநாசம் அம்மா, முதலில் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுங்கள்: இணையத்தில் என்ன நடந்திருந்தாலும், தப்பு உன்மேல் இருந்தாலும்கூட, என்னிடம் வந்து சொன்னதற்காக அடிக்க மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன். அதை அப்பாயியும் சொல்ல வேண்டும், சிங்கப்பூரிலிருந்து அப்பாவும் சொல்ல வேண்டும். மூவரில் ஒருவர் மீறினாலும் பிள்ளை அடுத்த முறை சொல்லாது.

என் வகுப்பில் நான் செய்வது ஒன்றைச் சொல்கிறேன். ஆறாவது, ஏழாவது பிள்ளைகள். ஒருவர் விளையாட்டில் பழக்கமான 'அண்ணா', இன்னொருவர் பிள்ளை. 'அண்ணா' ஆக நிற்பவர் சீட்டில் எழுதியிருப்பதை வரிசையாகப் படிப்பார். "நீ நல்லா ஆடுற." "எந்த ஊரு?" "எந்த ஸ்கூல்?" "வாட்ஸ்அப் நம்பர் குடு, இங்க சரியா பேச முடியல." "வீட்ல யாரு இருக்கா இப்ப?" "ஒரு போட்டோ அனுப்பேன்." "நம்ம பேசுறத வீட்ல சொல்லாத." எந்த இடத்தில் தப்பு என்று தோன்றுகிறதோ அங்கே மற்றவர்கள் கை தட்ட வேண்டும்.

முதல் தடவை கடைசி இரண்டு வரிக்குத்தான் கை தட்டுவார்கள். பேசிப் பேசி அடுத்த தடவை "வாட்ஸ்அப் நம்பர் குடு" என்பதிலேயே தட்டுகிறார்கள். வேறு இடத்துக்குக் கூட்டிப்போவதும், வீட்டில் சொல்லாதே என்பதும் ஒன்றாக வந்தால் ஆள் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்து என்று அப்போது சொல்வேன். ஏழாவது படிக்கும் ஒரு பெண் எழுந்து, "சொந்தக்காரங்களா இருந்தாலுமா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம், சொந்தக்காரர்களாக இருந்தாலும்தான். முன்பின் தெரியாதவரை நம்பாதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் தெரிந்தவர்களால் வரும் ஆபத்தைப் பிள்ளைகளால் அடையாளம் காண முடியாது.

குடந்தை_மாணவி

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் பெண்கள் கொஞ்சம் பேர்தான்.

பையன் வந்து சொன்னால் போன் போகும். பெண் வந்து சொன்னால் போன் போகும், அப்புறம் படிப்பு போகும், அதற்கப்புறம் அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். இது எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். அதனால்தான் எவனோ ஒருவன் படத்தை மாற்றி மிரட்டினாலும் பிள்ளைகள் வாய் மூடி இருக்கிறார்கள். இப்போது யாருடைய முகத்தையும் எந்த உடம்பிலும் ஒட்டிவிட முடிகிறது, படம் அனுப்பாத பெண்ணுக்கும் இது வரும். டீச்சர் சொன்ன வாக்கில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு வரி வேண்டும்: உன் படிப்பு நிற்காது. அப்பாக்கள் இதை வாய் விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் வைத்திருந்தால் எங்களுக்குத் தெரியாது.

மயிலாடுதுறை_வக்கீல்

மாணவி எழுதியது உண்மை. அந்தப் பயத்தைக் குறைக்கும் விதிகள் சட்டத்திலேயே உள்ளன. ஆனால் ஊரில் பலருக்கு அது தெரியாததால் ஸ்டேஷன் வாசல் மிதிக்கவே தயங்குகிறார்கள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012ல் வந்த போக்சோ சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைதான், ஆண் பிள்ளையும் சேர்த்து. போன், இணையம் வழியாகத் தவறான நோக்கத்தோடு பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே அதில் குற்றம். நேரில் தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடியவரை பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. எக்காரணம் கொண்டும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்க முடியாது. பெயர், முகவரி, பள்ளிக்கூடம், படம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

புகார் செய்ய மாவட்டத்தில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதில் பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு தூரம் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிள்ளையின் தவறான படம் ஏதாவது வந்தால், "இதைப் பாருங்க, என்ன செய்யலாம்" என்று மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பாதீர்கள். உதவி கேட்கும் எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள், ஆனால் அதைப் பரப்புவது சட்டப்படி குற்றம். அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதுகூடக் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. மிரட்டிய செய்தி, அந்தக் கணக்கின் பெயர், நம்பர், தேதி இவற்றைக் குறித்துக்கொண்டு போனோடு காவல் நிலையம் போங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் மறுபடியும் கேட்பான்.

18 வயதுக்குள் எடுத்த படம் இணையத்தில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்துவது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாகி, அது மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

பாபநாசம்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் சார் எழுதியதை அப்படியே தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இதைப் படித்ததிலிருந்து இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு என்றால் ரோட்டில் ஃபிளக்ஸ் வைக்கிறோம். பெண் படம், பெயர், அப்பா பெயர், ஊர், தேதி எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படம் எடுத்து எல்லோரும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள், ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள், யூடியூபில் நேரலை வேறு. பிள்ளையிடம் "உன் விவரத்தை யாருக்கும் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு நாமே இப்படிச் செய்தால் எப்படி?

வலங்கைமான்_தாத்தா

அம்மா, சீர் செய்வது, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவது நம் வழக்கம். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மாமன் வீட்டார் மனசும் பார்க்க வேண்டும். ஆனால் அந்த நேரலை நம் வழக்கம் இல்லை, நேற்று வந்தது. பத்திரிகையில் தேதியும் மண்டபமும் இருக்கிறது, வர வேண்டியவர்கள் வந்துவிடுவார்கள்.

நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் பதிவில் எனக்குப் பட்டது வேறு. பணம் அனுப்புவது பிள்ளை வேலையா? எத்தனையோ வீடுகளில் பேரப்பிள்ளைதான் கணக்கப்பிள்ளை. கையெழுத்துப் போடத் தெரிந்த நாம், போன் பெட்டிக்குள் இருக்கும் பணத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, அவனை யாரோ ஏமாற்றினால் அவனை அடிக்கிறோம். அது நியாயமே இல்லை.

என் வீட்டில் பேத்தி திரையைக் காட்டுவாள், பெயரைப் படித்துச் சொல்லுவாள், தொகையைப் படித்துச் சொல்லுவாள். பின் நம்பரை நான்தான் போடுவேன், அப்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் போடுங்க" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். இதை அவளுக்குச் சொன்னது நான், எனக்குச் சொன்னது பேங்கில் இருக்கும் ஒரு தம்பி. உங்கள் அப்பாயிக்கு எழுத்து தெரியும் என்றால் செயலியைத் தமிழில் மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். நாலு நாள் தடுமாறுவார், அப்புறம் வந்துவிடும்.

குவைத்_ஒரத்தநாட்டான்

ஐயா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். பூட்டி வைப்பதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் டீச்சர் சொன்ன அந்த வாக்கு எங்கள் வீட்டில் இல்லை, அது வேண்டும். வெள்ளிக்கிழமை லீவில் மகளிடம் பேசப்போகிறேன், மாணவி தங்கச்சி சொன்ன வரியையும் சேர்த்து.

கேம் பற்றி யாராவது சொல்லுங்கள். அக்கா மகன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் பைத்தியம். அந்த கேமில் காசு மாதிரி செலவழிக்கும் டைமண்ட் இலவசமாகக் கிடைக்கும் என்று ஏதோ லிங்கைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

மன்னை_மொபைல்

அண்ணே, இலவச டைமண்ட் லிங்க் எல்லாம் கணக்கைப் பறிக்கிற வேலை. ஃபேஸ்புக் பாஸ்வேர்டைப் போடச் சொல்லும், போட்டதும் கேம் கணக்கும் போச்சு, ஃபேஸ்புக்கும் போச்சு. சில பேர் ஸ்கிரீன் ஷேர் செயலியை இறக்கச் சொல்கிறார்கள், அது இன்னும் மோசம், பேங்க் செயலியைத் திறந்தால் அதுவும் அவர்களுக்குத் தெரியும். பையனை உட்கார வைத்து, கேமுக்குள் இருக்கும் கடை தவிர வேறெங்கும் டைமண்ட் கொடுப்பதாகச் சொன்னால் நம்பாதே என்று சொல்லுங்கள். தெரியாதவர்களோடு ஆடும்போது வாய்ஸ் சாட்டை அணைத்து வைக்கலாம், ஆட்டம் கெடாது.

காசு கட்டி ஆடுவது வேறு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. ஆகையால் எவனாவது டெலிகிராமில் ரம்மி செயலி என்று அனுப்பினால் அதைத் தொடவே வேண்டாம்.

பாபநாசம்_அம்மா

ஞாயிற்றுக்கிழமை மூவரையும் உட்கார வைத்துப் பேசினேன், அவரும் வீடியோ காலில் இருந்தார். பின் நம்பரை மாற்றியாயிற்று, அப்பாயிக்கு மட்டும்தான் தெரியும். பையனுக்கு முதலில் முகம் சுருங்கிவிட்டது, தன்னை நம்பவில்லையோ என்று. வலங்கைமான் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அப்ப காசு போச்சுன்னா என்னைக் கேக்க மாட்டீங்கல்ல?" என்றான். கேட்க மாட்டோம் என்று அவன் அப்பா சொன்னார்.

டீச்சர் சொன்ன அண்ணா விளையாட்டை வீட்டிலேயே ஆடிப் பார்த்தோம். பெண் "எந்த ஸ்கூல்?" என்பதிலேயே கை தட்டிவிட்டாள். அப்பாயிக்கு எதற்கும் தட்டத் தோன்றவில்லை. "யாரோ புள்ள பாசமா கேக்குது" என்றார்! அவரிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் மற்ற அப்பாயி, அம்மாச்சிகளும் அப்படித்தான் இருப்பார்கள். அவர்களை எப்படிக் கூட்டி உட்கார வைப்பது?

திருவாரூர்_டீச்சர்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எங்கள் பள்ளிக்கு வருகிறவர்களில் பாட்டிகள் நிறைய. அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் நீங்கள் கேட்கலாம், பெற்றோர் கேட்டால் மறுக்க மாட்டார்கள். மன்னை தம்பி, திருவாரூர் பக்கம் ஒரு நாள் வர முடியுமா? செட்டிங்ஸை நான் சொல்வதைவிட நீங்கள் அவர்கள் போனிலேயே செய்து காட்டினால் நன்றாக இருக்கும்.

மன்னை_மொபைல்

வருகிறேன் டீச்சர். அறுவடை நேரமாக இல்லாமல் பாருங்கள், அப்போது யாரும் வர மாட்டார்கள், எனக்கும் கடையில் கூட்டம். போனைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், பூட்டு எண் தெரிந்த பேரப்பிள்ளையும் கூட வரட்டும். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள்.

குடந்தை_மாணவி

டீச்சர், நானும் என் தோழிகளும் வரலாமா? பெண் பிள்ளைகளைத் தனியாக ஒரு வகுப்பில் உட்கார வைத்தால் நாங்கள் பேசுகிறோம். பாட்டி பக்கத்தில் இருந்தால் அவர்கள் கேட்க நினைப்பதைக் கேட்க மாட்டார்கள்.

திருவாரூர்_டீச்சர்

அவசியம் வாங்கம்மா. பக்கத்து வகுப்பறை காலியாகத்தான் இருக்கும், அதற்கும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.